இன்னும் ரெண்டு கிலோ

– அந்த சேஃப்டி பெல்ட்டைக் கழட்டுங்க மாமா.

– வழியை விடு மாப்ள. சங்கு ஊத இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு. நான் ஏணி ஏறணும்.

– இன்னிக்கு நீங்க ஏறப்போறதில்ல.

– அதைச் சொல்ல நீ யாரு? கீழ நின்னு கை காட்டுறவன் கிரேன் ஓட்டுறவனுக்கு உத்தரவு போடுறியா?

– கீழ நிக்கிறதாலதான் போடுறேன். நேத்து மத்தியானம் நீங்க இறக்கின கம்பிக் கட்டு எத்தனை டன்?

– ரெண்டு. அதுக்கென்ன இப்போ?

– அந்த ரெண்டு டன்னும் நான் நின்ன இடத்துல வந்து விழுந்துச்சு. நிறுத்து நிறுத்துன்னு வாக்கிடாக்கில தொண்டை கிழியக் கத்துறேன். நீங்க பாட்டுக்கு இறக்கிக்கிட்டே இருக்கீங்க.

– அதான் அப்பவே சூப்பர்வைசர்கிட்ட சொன்னேனே. பிரேக் வழுக்கிருச்சு.

– மெக்கானிக் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் மேல உக்காந்து பார்த்தான். பிரேக்ல ஒரு கோளாறும் இல்லன்னுட்டான். கோளாறு எங்கன்னு எனக்குத் தெரியும். கையை நீட்டுங்க.

– எதுக்கு?

– நீட்டுங்கன்னா நீட்டுங்க. ம்... பாருங்க. இந்தக் கையை வச்சுக்கிட்டா லீவரைப் பிடிக்கப் போறீங்க? காத்தாடி மாதிரி ஆடுது.

– காலையில ஓடிட்டு வந்தேன். அந்த நடுக்கம்.

– எத்தனை ரவுண்டு?

– பத்து.

– ஓடிட்டு வந்து என்ன சாப்பிட்டீங்க?

– சாப்பிட்டேன்.

– என்னன்னு கேட்டேன்.

– போலீஸ் ஸ்டேஷனாடா இது? காப்பி குடிச்சேன். பால் இல்லாம, சக்கரை இல்லாம. போதுமா?

– நேத்து ராத்திரி?

– வெள்ளரிக்கா.

– ஒரு வெள்ளரிக்கா?

– பாதி.

– நல்லா இருக்கு! ஊர்ல எல்லாரும் தின்னதை மறைப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் தின்னாததை மறைக்கிறீங்க. அக்கா கட்டிக் குடுக்கிற மத்தியானச் சாப்பாடு எங்க போகுதுன்னும் எனக்குத் தெரியும். சைட்டு நாயைப் பார்த்தாலே தெரியுதே. நீங்க குறைச்ச கிலோ எல்லாம் அது மேல ஏறியிருக்கு.

– சிரிப்பு மூட்டாத.

– நான் சிரிக்கிறேனா? என் மூஞ்சியைப் பாருங்க மாமா. சிரிக்கிற மூஞ்சியா இது?

– இங்க பாரு. கம்பெனி டாக்டர் என்ன சொன்னாரு? மூணு மாசத்துல ஏழு கிலோ குறைக்கலன்னா ஏணி ஏற விடமாட்டோம்னு சொன்னாரா இல்லையா? திங்கட்கிழமை எடை பார்க்கிறாங்க. இன்னும் ரெண்டு கிலோ இருக்கு. ஆறே நாள்.

– அவரு குறைக்கச் சொன்னாரு, பட்டினி கிடக்கவா சொன்னாரு? உங்ககூட நானும்தானே போய் உக்காந்திருந்தேன். மூணு வேளையும் சாப்பிடுங்க, முட்டை, பருப்பு, மீன், காய் எல்லாம் சாப்பிடுங்க, எண்ணெயும் இனிப்பும்தான் குறைக்கணும்னு சொன்னாரு. நடங்க, ஓடுங்க, ஆனா வெறும் வயித்தோட ஓடாதீங்கன்னாரு. வாரத்துக்கு அரை, முக்கால் கிலோ போனாப் போதும், அவசரப்பட்டா மயக்கம் வரும்னு விரலை நீட்டிச் சொன்னாரே. அந்தச் சீட்டை எங்க வச்சீங்க?

– முதல் மாசம் அப்படித்தான்டா இருந்தேன்! சாப்பிட்டேன், ஓடினேன். மூணு கிலோ போச்சு. படி ஏறினா மூச்சு வாங்கல, ராத்திரி நல்லாத் தூங்கினேன். எனக்கே என்னைப் பிடிச்சிருந்துச்சு. அப்புறம் ரெண்டு வாரம் எடை மிஷின் முள்ளு நின்ன இடத்துலயே நின்னுக்கிச்சு. அதே சாப்பாடு, அதே ஓட்டம், ஒரு கிராம் கூட இறங்கல. என்னை என்ன பண்ணச் சொல்ற?

– அவர்கிட்ட போய்க் கேட்டிருக்கலாமே.

– கேட்டா, பொறுங்கன்னு சொல்லுவாரு. அவருக்கென்ன, நாற்காலியில உக்காந்து சொல்லிருவாரு. அதான் பாதி ஆக்கினேன். இறங்குச்சு. அதுலயும் பாதி ஆக்கினேன். இன்னும் இறங்குச்சு.

– ஆளும் சேர்ந்து இறங்கிட்டீங்க. சொல்லுங்க மாமா, நேத்து மேல என்ன நடந்துச்சு? இந்தத் தகரக் கொட்டகையில நீங்களும் நானும்தான் இருக்கோம்.

– ஒண்ணும் நடக்கல.

– மாமா!

– ...கண்ணு இருட்டுச்சு. ஒரு ரெண்டு செகண்டு. லீவர் மேல சாஞ்சிருப்பேன்னு நினைக்கிறேன். முழிச்சுப் பார்த்தா கட்டு தரையில கிடக்கு.

– ரெண்டு செகண்டா? பத்து செகண்டு கத்தினேன் நான்.

– சரி, பத்து. அதான் ஒண்ணும் ஆகலையே. நீ குதிச்சுத் தப்பிச்சுட்டியே. இருவது வருஷத்துல ஒரு தடவை. அதுக்குப் போயி இப்படிக் குதிக்கிற.

– ஒரு தடவை போதும். நசுங்கிப் போக எத்தனை தடவை வேணும் உனக்கு?

– உனக்கா? ‘நீங்க’ எங்கடா போச்சு?

– நேத்து அந்தக் கட்டுக்கு அடியில போச்சு. இந்தாங்க, ரெண்டு முட்டையும் ரொட்டியும் இருக்கு. உக்காந்து சாப்பிடுங்க. சாப்பிட்டு ஆபீசுக்கு நடங்க. மயக்கம் வந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க.

– சொன்னா? இன்னிக்கே கிரேன்ல இருந்து இறக்கிருவாங்க. கேட்டுல உக்காந்து வர்ற லாரி நம்பரை எழுதச் சொல்லுவாங்க. இருவது வருஷமா அறுபது மீட்டர் மேல உக்காந்தவன்டா நான். நான் ஏணியில கால் வச்சா, ‘டேங்கர் கிளம்பிருச்சு, ஏணியைப் பிடிங்கடா’ன்னு கீழ சிரிப்பானுங்க. சிரிச்சா சிரிக்கட்டும், மேல போயிட்டா ஒருத்தன் குரலும் கேக்காது. கீழ வந்தா நான் யாரு?

– உசிரோட இருக்கிற ஆளு.

– பேசுவடா. உனக்கென்ன, பேசுவ. கிரேன் லைசென்ஸ் எடுத்து மூணு வருஷம் ஆச்சு. என் சீட்டு எப்ப காலியாகும்னுதானே காத்துக்கிட்டு இருக்க?

– என்ன சொன்னீங்க?

– காதுல விழுந்துச்சுல்ல. நான் இறங்கினா மேல ஏறப்போறது யாரு? நீதானே? அதான் காலையிலயே முட்டையும் ரொட்டியுமா வந்து நிக்கிற. நல்லவன் வேஷம்.

– இன்னொரு தடவை அதைச் சொல்லாதீங்க.

– சொல்லுவேன். நேத்து உனக்குக் கீறல் கூட விழல. முழுசா என் முன்னாடி நிக்கிற. நடக்காத ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு என் பொழப்புல மண்ணைப் போடப் பார்க்கிற. தள்ளுடா!

– தள்ள மாட்டேன். என்னை அடிச்சுப் போட்டுட்டு ஏறுங்க.

– அடிப்பேன்டா!

– அடிங்க. ஆனா ஒண்ணு கேட்டுட்டு அடிங்க. இதைச் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கு. நேத்துல இருந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். இனி முடியாது. நேத்து அந்தக் கட்டுக்குக் கீழ நான் தனியா நிக்கல.

– வேற யாரு? எல்லாரும்தான் சாப்பிடப் போயிட்டாங்களே.

– அக்கா நின்னா.

– எந்த அக்கா?

– எனக்கு எத்தனை அக்கா? உங்க பொண்டாட்டி.

– அவ எதுக்கு இங்க வர்றா? பொய் சொல்ற.

– நேத்து நீங்க டப்பாவை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டீங்க. பத்து நாளா நீங்க சரியாச் சாப்பிடலன்னு அவளுக்குச் சந்தேகம். எடுத்துக்கிட்டு பஸ் ஏறி வந்தா. கேட்டுல தொப்பி குடுத்து உள்ள விட்டாங்க. நான்தான், இங்கேயே என் பக்கத்துல நில்லு, மாமா இந்தக் கட்டை இறக்கிட்டு வந்துருவாருன்னு சொன்னேன். நானேதான் நிக்க வச்சேன்.

– ...அவ ராத்திரி வாயே திறக்கலையே மாப்ள. நொண்டி நொண்டி நடந்தா. கேட்டதுக்குப் படியில தடுக்கிருச்சுன்னா.

– நான் இழுத்துத் தள்ளினதுல முழங்கால் கிழிஞ்சுது. உங்களுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிருவீங்கன்னு பயந்தா.

– மேல நான் உக்கார்ற கிரேன் பெட்டியில எனக்கு முன்னாடி கண்ணாடிதான். கால்கிட்ட கூட கண்ணாடி. கீழ எறும்பு ஊர்ந்தாலும் தெரியும்னு அவகிட்ட பெருமை பேசியிருக்கேன்... நான் அவளைப் பார்க்கவே இல்லையேடா.

– எங்க போறீங்க? மாமா, ஏணிப் பக்கம் போகாதீங்க!

– ஆபீசுக்கு. இந்தா பெல்ட். இன்னிக்கு கிரேன் நிக்கணும். பிரேக் இல்ல, நான்தான்னு சொல்றேன். அப்புறம் லாரி நம்பர் எழுதச் சொன்னாலும் எழுதுறேன், வீட்டுக்குப் போகச் சொன்னாலும் போறேன்.

– சரி. முதல்ல இதைச் சாப்பிடுங்க. போற வழியில விழுந்துறாதீங்க.

– சாப்பிடுறேன். குடு... நேத்து அவ கத்தினாளா? கட்டு இறங்குறதைப் பார்த்து பயந்து கத்தினாளா மாப்ள?

– இல்ல மாமா. நான் கத்துறது தினம் நடக்கிற வேலைச் சத்தம், நீங்க வேணும்னுதான் பக்கத்துல இறக்குறீங்கன்னு நினைச்சா. நான் இழுக்கிற வரைக்கும் தலையைத் தூக்கி, டப்பாவை ஆட்டி ஆட்டி, உங்களுக்குக் கை காட்டிக்கிட்டுதான் இருந்தா.