பூத்த எல்லைக் குச்சி

நெரவியிலிருந்து காரைக்கால் போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள், கம்பியைப் பிடித்தபடி நின்ற ஆபீஸ் பை ஆசாமியிடம் சொன்னார்:

“தம்பி, நம்ம ரெண்டு வயலுக்கும் நடுவுல நீங்க அடிச்ச எல்லைக் குச்சி பூத்திருக்கு.”

நான் போனை உள்ளே வைத்துவிட்டேன்.

“ஊதாப் பூவாக்கா?”

“ஆமா, நெய்வேலிக் காட்டாமணக்கு. வேற குச்சியே கெடைக்கலியா ஒங்களுக்கு?”

“வாய்க்கா ஓரமா நின்னுச்சு, ஒடிச்சு அடிச்சேன். ஒடிச்ச குச்சி வேர் விடும்னு யாரு கண்டா? ஆடு திங்கலியா?”

“மோந்து பாத்துட்டுப் போயிருது. புழு பூச்சிகூட அண்ட மாட்டேங்குது.”

“அது வெளிநாட்டுச் செடிக்கா. அங்க அதைத் திங்கிறதுக்குன்னே பூச்சி இருக்குமாம். பூச்சிய அங்கயே விட்டுட்டு இது மட்டும் இங்க வந்திருச்சு.”

“மாமியார ஊர்ல விட்டுட்டுத் தனிக்குடித்தனம் வந்திருக்குன்னு சொல்லுங்க! அதான் இந்த ஆட்டம்.”

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள்.

“ஒரு சாண் நெலத்துக்காக நாம ஆறு மாசம் பேசாம இருந்தோம் தம்பி. இது யாரையும் கேக்காம ரெண்டு பக்கமும் ரெண்டு மொழம் எடுத்துக்கிச்சு.”

“ஞாயித்துக்கெழம வர்றேன்க்கா. ரெண்டு பேருமா வேரோட பிடுங்கிருவோம்.”

“பிடுங்கினத வாய்க்கால்ல போட்றாதீங்க, அங்கயும் மொளைக்கும். காயப்போட்டுக் கொளுத்தணும்.”

“சரிக்கா. புதுசா எல்லைக் குச்சி அடிக்கணுமே?”

அம்மாள் இறங்குவதற்காக எழுந்தார்.

“இந்தத் தடவ நான் கொண்டாரேன். இரும்புல.”