வால் பக்கம் பார்த்தவன்

— அக்கா, அவசரப்படாதே! அவன் வளைஞ்சா நீயும் கூடவே வளையாதே. வேகம் கரைஞ்சு போயிடும்.

— வளையல தம்பி. மேல ஏறறேன். சூரியன் என் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அண்ணாந்து பார்த்தா அவன் கண்ணு கூசணும்.

— பருந்துன்னு பேரு வச்சிருக்கான் பாரு, கோழிக்குஞ்சு!

— கோழிக்குஞ்சு கூட தாயை விட்டு ஓடாதுடா. இறுதி ஆட்டத்துல என் வாலைக் காவல் காக்க வந்தவன், ஏவுகணை வர்றப்போ ஒரு வார்த்தை சொல்லாம ஒதுங்கிட்டான். ‘கிரேன் ஓட்டறவளுக்கு எதுக்கு பிளேனு’ன்னு துறைமுக யார்டுல இன்னும் சிரிக்கறானுங்க.

— அதான் அணியை விட்டே துரத்தியாச்சே. விளக்கம் சொல்றேன்னு வீடு தேடி வந்தவனை வாசல்லயே திருப்பி அனுப்பினேனே.

— துரத்தினா ஆறிடுமா? அதே கேம் கடை, அதே திரை, அதே ஆளுங்க. அவங்க முன்னாடி அவன் எரியணும்.

— கூட்டம் பிதுங்குதுக்கா. அவன் தடுப்புக்கு அந்தப் பக்கம் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கான்... அக்கா, பின்னாடி வந்துட்டான்!

— வரட்டும். நீ காதை வை. கிரேன்ல ஏறினா கீழ நின்னு கை காட்டறவன்தான் எனக்குக் கண்ணு. மெஷின் சத்தத்துல என் காது பாதி போச்சு, இங்க நீதான் என் காது. அதுக்குத்தானே இறுதி ஆட்டத்துலயும் இன்னைக்கும் ஹெட்ஃபோனை உன் தலையில மாட்டினேன்.

— கிட்ட வர்றான்... இன்னும் கிட்ட... இப்போ! வேகத்தைக் குறை!

— குறைச்சாச்சு. மூக்கைத் தூக்கியாச்சு. பார்றா, பிடிச்சு நிறுத்த முடியாம என்னைத் தாண்டிப் போறான்!

— வால் உன் கையில இருக்கு. சுடுக்கா! என்ன யோசனை?

— இரு. ஹெட்ஃபோன் வயரைப் பிடுங்கி ஸ்பீக்கர்ல விடு. அவன் கதறறதை எல்லாரும் கேக்கணும்.

— வேணாம்க்கா. ஏதாவது உளறுவான்.

— உளறட்டுமே. தள்ளு, நானே பிடுங்கறேன்.

— கிரேன்காரம்மா, பருந்து பேசறேன். சுடுங்க, தோத்துட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு ‘ஏவுகணை வருது, இடது பக்கம் ஒடிங்க’ன்னு தொண்டை கிழியக் கத்தினேனே. ஏன் ஒடிக்கல?

— கத்தினியா?

— உங்க தம்பிதான் ‘கேட்டுச்சு, சொல்லிட்டேன்’னாரே.

— அக்கா, வாயைத் திறந்தா பொய்! நம்பாதே!

— நம்பாம இருக்கத்தான் பார்க்கறேன். வயரைப் பிடுங்கச் சொன்னப்போ ஏன்டா வேணாம்னு தடுத்தே?

— ஏதாவது உளறுவான்னுதான்க்கா...

— அவன் போனதும் அணியில அவன் இடம் யாருக்கு வந்துச்சு?

— அக்கா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாமே...

— பருந்து, நீ பத்திரமா தரையிறங்கு. எழுந்து அந்த நாற்காலியை இவனுக்குக் கொடு. யாரும் கலையாதீங்க, ஆட்டம் இனிமேதான்! போடா தம்பி, போய் உட்காரு. எவ்வளவு உயரம் வேணுமோ ஏறிக்கோ. உன் வால் பக்கம் பார்த்துச் சொல்ல மட்டும் ஆள் தேடாதே. அங்க நான் இருப்பேன்.