தறிச் சத்தமும் கிலுக்குப் பந்தும்

“நாளைக்குக் காலைல பல்லடத்துல கரண்ட் போகோணும்னு வேண்டிக்கிட்டு வந்திருக்கறேன்.”

உடுமலையிலிருந்து பல்லடம் செல்லும் பேருந்தில், எனக்குப் பின்னிருக்கையில் இருந்த பார்வையற்ற இளைஞர் சொன்னார். விசைத்தறி ஊருக்குப் போகும் பேருந்தில் எவரும் உரக்கச் சொல்லத் துணியாத வேண்டுதல் அது. அவருக்கு அருகிலிருந்த நண்பரின் கையிலும் வெள்ளைக்கோல் இருந்தது.

“மெதுவாப் பேசு. தறிக்காரங்க காதுல உளுந்தா எறக்கி உட்டுருவாங்க.”

“பின்ன என்ன பண்றது? பந்துக்குள்ள குண்டு கிலுகிலுக்கறது கேட்டாத்தான நாம அடிக்க முடியும்? போன வாரம் மைதானத்துக்குப் பக்கத்துத் தறிச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல. நாளைக்கும் அப்படியே ஆச்சுன்னா, கிரிக்கெட்டையே நிறுத்திப்போடலாம்னு நம்ம பார்வையற்றோர் சங்கத்துல சொல்றாங்க.”

“நீ மொத பந்துலயே அவுட் ஆனதுக்கும் தறிதான் காரணமா?”

“ஆமா. பந்துன்னு நெனச்சு நீ அம்பயர் காலப் புடிச்சதுக்கும் அதுதான் காரணம்.”

என் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் திரும்பினார்.

“ஏனுங் தம்பி, பள்ளிக்கூடத்துக்குப் பொறகால இருக்கற மைதானமுங்களா?”

“ஆமாங்க.”

“அந்தத் தறி என்னுதுதானுங்க.”

நண்பர் முழங்கையால் இளைஞரை இடித்தார். பெரியவரே தொடர்ந்தார்.

“நீங்க ஆடி முடிக்கற வரைக்கும் நான் தறிய நிறுத்தி வெக்கறனுங்க. ஆனா அந்த வேண்டுதல மட்டும் இப்பவே வாபஸ் வாங்கிக்கோங்க. மத்தவங்க தறி ஓடோணுமல்லங்க.”

இளைஞர் கோலை மடியில் கிடத்திவிட்டுக் கைகூப்பினார்.

“சாமி, கரண்ட் இருந்துட்டுப் போகட்டுங்க.”