‘கேப் லோரிமர்’ கப்பலின் உணவு மேசையிலிருந்து நெவில் க்ரிப்ஸ் அவர்களுக்குப் பணி ஓய்வு வாழ்த்து மடல்

அலை ஆடினாலும் அடுப்பு அணையாமல் காத்த அண்ணலே! புயலிலும் பொங்கிப் போட்ட புண்ணியரே! பாஸ் நீரிணையில் பசித்தோரைப் பட்டினி போடாத பண்பாளரே! வணக்கம்.

இப்படித்தான் தொடங்க வேண்டும் என்றார்கள், தொடங்கிவிட்டோம். இன்று காலைதான் மெல்பனிலிருந்து வந்து பர்னித் துறைமுகத்தில் கப்பலைக் கயிறு கட்டினோம். சட்டை மாற்றியதோடு சரி, உறங்கவில்லை. குரலில் களிப்புக் குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தட்டுக் கழுவும் வேலைக்குக் கப்பலேறிய காலத்தில் ஓர் அறையில் இருவர், ஒரு தாழ்வாரத்துக்கு ஒரே குளியலறை. வீட்டில் பிள்ளை பிறந்தால் தந்தி வரும். பிள்ளையைப் பார்ப்பதற்குள் அதற்குப் பல் முளைத்துவிடும். வேலையை நிறுத்தினோம், மழையில் துறைமுக வாயிலில் நின்றோம், நின்று நின்று பெற்றோம். ஆளுக்கோர் அறை வந்தது, கடலில் ஒரு நாளுக்குக் கரையில் ஒரு நாள் என்று விடுப்பு வந்தது, ஓய்வுகால நிதி வந்தது, இணையமும் வந்தது. கடைசியாக, உறக்கத்தை அளக்கும் கைக்கடிகாரம் வந்தது. ‘போதிய உறக்கமில்லை’ என்று சொல்வதற்காகவே அது எங்களை எழுப்புகிறது! வந்த எதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஒரு சலுகை ஏறியபோதெல்லாம் இரண்டு பேர் இறங்கினார்கள். முப்பது பேர் இடித்துக்கொண்டு உண்ட மேசையில் இன்று பதினான்கு பேர்.

மனச்சோர்வு வந்தால் அழைக்கச் சொல்லி ஒரு தொலைபேசி எண்ணை நிறுவனம் உங்கள் சமையலறைக் கதவில் ஒட்டியது. நீங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்துவிட்டு, “இதுல கூப்பிட்டா முட்டை பொரிச்சுத் தருவாங்களாமா?” என்று கேட்டீர்கள். மனைவி பிரிந்துபோன மாதம், இயந்திர அறை கீத் இரண்டு வேளை சாப்பிட வரவில்லை. நாங்கள் மற்றப் பன்னிரண்டு பேரும் அவன் உறங்குகிறான் என்றே நினைத்தோம். வலிக்கும் முழங்காலோடு மூன்று தளம் இறங்கிப்போய்க் கதவைத் தட்டியவர் நீங்கள். “எந்திரிடா. உன் மூஞ்சியப் பாக்கணும்னு எனக்கு ஒண்ணும் ஆசையில்ல. தட்டக் கழுவணும், வந்து தின்னுட்டுப் போ!” கீத் வந்தான். அன்று முதல் ஒரு வேளையும் தவறாமல் வருகிறான். இதோ முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

சென்ற ஆண்டு நிறுவனம் உங்களிடம் கேட்டது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தாமாக முன்வந்து விலகினால் பெருந்தொகை. ஆனால் உங்களோடு சமையல்காரர் பணியிடமும் போய்விடும், உறைந்த உணவுப் பொட்டலங்கள் வரும். வயது நிறைவுற்று ஓய்வு பெற்றால் வழக்கமான தொகைதான். ஆனால் ஒப்பந்தப்படி உங்கள் இடத்தில் இன்னொருவரை அமர்த்தியே ஆகவேண்டும். நாங்களே சொன்னோம்: “வாங்கிட்டுப் போ நெவ். நாங்க சுட வச்சுத் தின்னுக்கிறோம்.”

“சுட வச்சுத் தின்பீங்க, தெரியும்,” என்றீர்கள். “அவனவன் ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டுத் தின்பீங்க.”

அதற்காக இன்னும் ஓராண்டு அந்த அடுப்படியில் நின்றீர்கள். திருமதி மொய்ரா அவர்களே, வீட்டுச் சமையலறையை இடித்துக் கட்ட நீங்கள் போட்டிருந்த திட்டம் அந்தத் தொகையோடு போயிற்று. “நீ கட்டிக்கிட்டது என்னையா, அந்தக் கப்பலையா?” என்று துறைமுகத்தில் நீங்கள் கேட்டது மேல்தளம் வரை கேட்டது. கேட்டதில் தவறே இல்லை. உங்கள் அடுப்பங்கரையைத்தான் நாங்கள் தின்றுகொண்டிருக்கிறோம் என்பதை இந்த அவையில் ஒப்புக்கொள்கிறோம். எங்களுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

புதிய சமையல்காரர் டெப்ரா போன வாரம் ஏறிவிட்டார். சிப்பிக்கறி அடைத்து அவர் சுட்ட ‘பை’ பண்டத்தில் உப்புக் கொஞ்சம் தூக்கல். கவலை வேண்டாம், எல்லோரும் மேசையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம், எல்லோரும் சேர்ந்துதான் குறை சொன்னோம்.

முழங்கால் நோவு நீங்கி, முழு இரவும் உறங்கி, பிறர் சமைத்ததைப் பிழை சொல்லாமல் உண்டு, மொய்ரா அவர்களோடு நெடுநாள் நலமோடு வாழ்க! நிற்காத தரையில் நின்ற கால்கள் நிலையான தரையில் இளைப்பாறுக!

இன்னும் ஒன்று. உங்களுக்கு வந்த அதே விலகல் தாள் திங்கட்கிழமை எங்களுக்கும் வந்துவிட்டது. விலகுபவருக்குப் பெருந்தொகை, அவர் இடம் அவரோடு காலி. எங்களில் பாதிப்பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள், அலுத்துப்போனவர்கள். ஆசையில்லை என்று சொன்னால் பொய். நாளைக்கு என்ன செய்வோம் என்று உறுதி சொல்லவும் எங்களுக்குத் தெம்பில்லை. இன்று வரைக்கும் அதில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை, நெவ். இந்த மடலில் பதினான்கு பேரும் போட்டிருக்கிறோம்.

இங்ஙனம்,
மேல்தளத்தார், இயந்திர அறையார்,
சமையலறையில் டெப்ரா