சத்தம் போடாத பிள்ளை

பிரசவ அறையில் நான் ஏன் கத்தவில்லை? இன்னும் பதில் தெரியவில்லை.

அப்போது எனக்கு ஆறு வயது. மன்னார்க் கரையில் ஷெல் விழுகிறது. முதலில் விசில். பிறகு நிலம் அதிர்கிறது. "ஓடுங்கோ! கடலுக்கு ஓடுங்கோ!" இடுப்பளவு தண்ணீர். அம்மா என்னைப் படகுக்குள் தூக்கிப் போடுகிறாள். அடுத்த படகில் வருவதாக அப்பா சொன்னார். வரவில்லை.

நடுக்கடலில் படகோட்டி எஞ்சினை நிறுத்தினார். தூரத்தில் ரோந்துப் படகு. டக், டக், டக். "மூச்சுக் காட்டாதையுங்கோ! செத்துப் போவம்!" படகு சரிந்தது. மண்ணெண்ணெய்க் கேன் என் வலது காலில் விழுந்தது. பெருவிரல் நசுங்கியது. நான் கத்தவில்லை. டக் டக் தேய்ந்து போனது. அம்மா என் காலைப் பார்த்து அழுதாள். "என்ர கெட்டிக்காரி" என்று முத்தமிட்டாள்.

தமிழ்நாட்டுக் கரை சேர்ந்ததும், அகதி முகாமில் எல்லோரிடமும் இதைச் சொன்னாள். அந்தப் பெயரைக் காப்பாற்றியே வளர்ந்தேன். படித்தேன். கல்யாணமும் ஆனது.

போன ஆண்டு. தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரி. துறைமுகத்தில் கப்பல் ஊதுகிறது. பக்கத்துக் கட்டிலில் புன்னைக்காயல்காரி ஒருத்தி. மாதாவைக் கூப்பிடுகிறாள். நடுவில் புருஷனைத் திட்டுகிறாள். "அவன் இங்கன வந்து படுக்கட்டும், பாப்போம்!"

"ஏளா, அவன அப்புறம் வையி. இப்ப முக்கு" என்று நர்ஸ் சிரிக்கிறார். என்னிடம் வந்தார். வலி எப்படி என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். பொய். இடுப்பு பிளந்துகொண்டிருந்தது.

"அமைதியான பிள்ளை. ஒனக்கு இன்னும் நேரம் கெடக்கு."

கரண்ட் போனது. ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர். டக், டக், டக். என் வாயை நானே பொத்திக்கொண்டேன். குழந்தை வருவது தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் நர்ஸ். கூப்பிடவில்லை. கையைக் கடித்தேன். புன்னைக்காயல்காரிதான் பார்த்தாள்.

"சிஸ்டரே! இந்தப் பிள்ளைக்குத் தலை தெரியுது! ஓடியாங்க!"

மகள் நீலமாகப் பிறந்தாள். கழுத்தைச் சுற்றித் தொப்புள்கொடி. அழவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"ஏளா, வலிச்சா கத்த மாட்டியா? வாய் எதுக்கு இருக்கு?" என்றார் நர்ஸ்.

கையில் பல் தடம். போர்வைக்குள் மறைத்துக்கொண்டேன்.

மகள் பிழைத்தாள். இப்போது தவழ்கிறாள். மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா சொல்கிறாள்: "பேறு நேரத்திலையும் என்ர பிள்ளை ஒரு சத்தம் போடேல்லை." நான் தலையாட்டுகிறேன். கூசுகிறது. ஆனாலும் ஆட்டுகிறேன். மகள் அழுதால் அம்மா "ஷ்" என்கிறாள். மகள் சட்டென்று நிறுத்திவிடுகிறாள். அதைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.

இழந்தவை. அப்பா. மன்னார் வீடு. ஒரு கால்விரல் நகம். மகளின் முதல் அழுகை. அதை வேறு அறையில் வேறு யாரோ கேட்டார்கள்.

அம்மாவிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு பெருமைதான். அதைப் பிடுங்காமல், "அவள் அழட்டும் அம்மா" என்று எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.