களி வீடியோவுக்குத் தலைப்பு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ். முன் சீட்டில் ஒரு அம்மா. அவர் பக்கத்தில் அவருடைய நாத்தனார், கையில் போன். என் பக்கத்தில் தூங்குகிற ஒருவர். அப்புறம் நான்.

“அண்ணி, உன் களி வீடியோவுக்கு ஏஐ தலைப்பு குடுத்துச்சு. ‘உலகமே வியக்கும் கேப்பைக் களி!’”

“உலகம் எதுக்குடி? கோவிச்சுக்கினு போன எம்பொண்ணு பாக்கணும்.”

“யாருக்குன்னு நாம சொன்னாத்தான அதுக்குத் தெரியும்?”

“அப்ப எழுது. போனு எடுக்க மாட்டா. களில உப்பு தூக்கலா கேப்பா. கெஞ்சக் கூடாது, அழுவக் கூடாது.”

நாத்தனார் எழுதினார். வந்ததைப் படித்தார்.

“‘உப்பு தூக்கலாப் போட்ட களி, உனக்குத்தான்.’”

அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“இதையே போட்டு யூட்டியூப்ல ஏத்து.”

திண்டிவனத்தில் இறங்கும்போது அம்மா கேட்டார்.

“பாத்தாளா?”

“யாரு பாத்தாங்கன்னு காட்டாது அண்ணி. எத்தினி பேருன்னுதான் காட்டும்.”

“எத்தினி?”

“பதினேழு.”