தம்பியின் காரின் பின் இறக்கை

எனக்கு ஒழுங்காக எழுத வராது, கேட்டதிலும் பாதி மறந்துபோகும், பொறுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலிருந்து பஸ்ஸில் வந்தேன். முன் சீற்றில் இரண்டு பெடியன்கள்.

“தம்பிக்குச் சொல்லாமல் அவன்ரை காருக்குப் பின் இறக்கையை நிமித்தி விட்டனான்,” என்றான் ஒருவன். கம்ப்யூட்டரில் ஓட்டுகிற ரேஸ் கார் என்று பிறகுதான் விளங்கியது.

“நிமித்தினா நேர் றோட்டிலை வேகமா ஓடாதேடா,” என்றான் மற்றவன்.

“ஓடாதுதான். ஆனா காத்து காரை நிலத்தோடை அமத்தும். வளைவிலை வழுக்காது.”

“அவன் கண்டுபிடிச்சிட்டானோ?”

“முதல் வளைவிலையே. மோட்டச்சைக்கிளிலை அடிபட்டுக் காலிரண்டும் போனவனுக்கு இனி என்ன பயம் எண்டு கேட்டான். அதோடை என்னோடை கதையில்லை.”

“இறக்கையைப் பழையபடி படுக்க வைச்சு விடு மச்சான். கேம்தானே, அடிபடட்டும்.”

“கார் அடிபடுற சத்தம் கேட்டா அம்மா குசினியிலை சமையலை விட்டிட்டு ஓடி வாறா. ஒவ்வொருக்காலும்.”

“அப்ப சத்தத்தை நிப்பாட்டன்.”

“நிப்பாட்டிப் பாத்தனான். அறைக்குள்ளை சத்தமில்லை எண்டும் ஓடி வாறா.”



இறக்கையை நிமிர்த்தினால் வேகம் குறையும், வளைவில் பிடிக்கும் என்றுதான் என் காதில் விழுந்தது. மாறி எழுதியிருந்தால், அந்த விளையாட்டுத் தெரிந்த பிள்ளைகள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள்.